பல்லில் திடீர்ச் சிக்கல்: எந்த அறிகுறிக்கு எவ்வளவு அவசரம்?

அயனாவரத்தில் பல ஆண்டுகளாகப் பல் மருத்துவம் பார்த்துவருகிறேன். இரவு ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கப்போகும் நேரத்தில் வந்து நிற்பவர்கள் இரண்டு வகையினர். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் தளும்ப, ஒரு நிமிடம்கூடப் பொறுக்க முடியாது என்று வருகிறவர்கள் முதல் வகை. அவர்களுடைய வேதனை உண்மையானது, ஆனால் மறுநாள் காலை வந்திருந்தாலும் அவர்களில் பெரும்பாலோருக்குப் பெரிய கேடு எதுவும் நேர்ந்திருக்காது. "வலி எல்லாம் போயிடுச்சு டாக்டர், வீக்கம் மட்டும் இருக்கு, சும்மா காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று அமைதியாகச் சொல்பவர்கள் இரண்டாம் வகை. என்னை அச்சப்படுத்துபவர்கள் இவர்கள்தாம். வாயைப் பொறுத்தவரை வலி எவ்வளவு என்பது ஒரு கணக்கு, ஆபத்து எவ்வளவு என்பது வேறொரு கணக்கு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் காப்பாற்றியிருக்கக்கூடிய பற்கள் கைவிட்டுப் போகின்றன, சில வேளைகளில் உயிரும் ஊசலாடுகிறது.

ஆகவே கீழே உள்ளவற்றை வலியை வைத்து அல்லாமல் நேரத்தை வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறேன். நிமிடங்களில் செயல்பட வேண்டியவை முதலிலும், சில மணி நேரம் பொறுக்கக்கூடியவை அடுத்தும், ஓரிரு நாள் தாங்கக்கூடியவை கடைசியிலும் உள்ளன. உங்களிடமோ வீட்டில் உள்ளவரிடமோ காணும் அறிகுறியை மேலிருந்து தேடிக்கொண்டு வாருங்கள். பொருந்தும் இடத்தில் நின்று, அங்கே சொல்லியிருப்பதைச் செய்துவிட்டு மற்றதைப் பிறகு படியுங்கள்.

மூச்சு, விழுங்குதல், நினைவு: இவற்றில் ஏதேனும் தடுமாறுகிறது

பல் மருத்துவரைத் தேடி நேரத்தைக் கழிக்காமல் உடனே 108ஐ அழைக்க வேண்டிய நிலைகள் சில உண்டு. தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் இருந்து, அத்துடன் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தால், வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் குரல் மாறினால், நாக்கு மேலே தள்ளப்பட்டிருந்தால், அல்லது படுத்ததும் மூச்சுத் திணறினால், மூச்சுப்பாதை அடைபடத் தொடங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும். அவரைப் படுக்கவைக்காதீர்கள், நிமிர்த்தி, சற்று முன்புறம் சாய்ந்தவாறு உட்காரவையுங்கள். குடிக்கவோ விழுங்கவோ எதுவும் கொடுக்காதீர்கள்.

இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்தவரின் முன்பல் உடைந்திருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தலைக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருப்பது யாருக்கும் தெரியாது. அடிபட்டவர் சிறிது நேரம் நினைவு தப்பியிருந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, நடந்ததையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிந்தாலோ, முதலில் தலையைப் பார்க்கும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். கீழே விழுந்த பல் கிடைத்தால் பாலில் போட்டுக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஈறுக்குள் வைக்கும் முயற்சியில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கீழ்த்தாடையில் வலி வந்து, எந்தப் பல் என்று விரல் வைத்துக் காட்ட முடியாமல், மாடிப்படி ஏறும்போது கூடி உட்கார்ந்தால் குறைந்து, அதனோடு வியர்வையோ நெஞ்சில் இறுக்கமோ இடது கையில் குடைச்சலோ இருந்தால் அது மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சு வலி இல்லாமலேயே மாரடைப்பு வருவதுண்டு என்பதால் அவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இதற்கும் 108தான்.

அடிபட்டு, பல் வேரோடு வெளியே வந்துவிட்டது

பல் மருத்துவத்தில் கடிகாரத்தைப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்: விழுந்தது பால் பல்லா, நிலைப்பல்லா? கீழ் முன்பற்கள் பெரும்பாலும் ஆறு, ஏழு வயதிலும், மேல் முன்பற்கள் ஏழு, எட்டு வயதிலும் நிலைப்பற்களாக மாறுகின்றன. பால் பல் சிறியதாகவும் பால் வெண்மையாகவும் இருக்கும். புதிதாக முளைத்த நிலைப்பல் அதைவிடப் பெரியதாக, சற்றே மஞ்சள் படர்ந்ததாக, கடிக்கும் விளிம்பில் ரம்பப் பல்லைப் போன்ற சிறு மேடுகளுடன் இருக்கும். பால் பல் என்றால் அதைத் திரும்ப ஈறுக்குள் வைக்கவே கூடாது. அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லின் முளையை அது சிதைத்துவிடும். இரத்தத்தை நிறுத்திவிட்டுக் குழந்தையை மருத்துவரிடம் காட்டினால் போதும்.

நம் வீடுகளில் விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறியும் பழக்கம் இருந்தது. மாடி வீடுகளாகிவிட்ட பிறகும் மொட்டைமாடியில் நின்று எறிகிற தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். தானாக ஆடி விழுந்த பால் பல்லுக்கு அது அழகான வழக்கம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அடிபட்டு விழுந்த பல்லை அதே நினைவில் எறிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

நிலைப்பல் என்று தெரிந்தால் செய்ய வேண்டியது இது. பல்லைத் தேடி எடுங்கள். வாயில் வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள். வேரின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய திசுவில் உள்ள உயிரணுக்கள்தாம் அந்தப் பல்லை மீண்டும் எலும்போடு இணைக்கப்போகின்றன. நாம் காப்பாற்றுவது பல்லைக் காட்டிலும் அந்தத் திசுவைத்தான். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, மருந்துக்கடையில் கிடைக்கும் சலைனிலோ, அடிபட்டவரின் எச்சிலிலோ மெதுவாக அலசுங்கள். எதுவுமே இல்லையென்றால் குழாய்த் தண்ணீரில் சில நொடிகள் மட்டும் காட்டி எடுங்கள். தேய்க்கவோ சுரண்டவோ துடைக்கவோ கூடாது. பிறகு, குழிவான உட்பக்கம் நாக்கை நோக்கி இருக்கும்படி, பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டுப் பார்த்து, பல்லை அதன் குழிக்குள் மெல்ல அழுத்தி வைத்துவிடுங்கள். சுத்தமான கைக்குட்டையை மடித்துக் கொடுத்து அதைக் கடித்தபடியே வண்டியில் ஏறச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடங்களுக்குள் வீட்டார் கையாலேயே உள்ளே வைக்கப்பட்ட பல்லுக்கு இருக்கும் வாய்ப்பு, பின்னர் எந்த நிபுணர் வைத்தாலும் கிடைப்பதில்லை. கை நடுங்கும், பயமாக இருக்கும், தெரியும். கோணலாக வைத்துவிட்டாலும் அதை நாங்கள் சரிசெய்துகொள்வோம்.

உள்ளே வைக்க முடியவில்லை என்றால், அல்லது அடிபட்டவர் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் சிகிச்சையிலோ கடுமையான இதய நோயோடோ இருக்கிறார் என்றால், பல்லை ஈரம் உலராமல் கொண்டுவர வேண்டும். காய்ச்சாத, குளிர்ந்த பாக்கெட் பால் நம் ஊரில் எந்த முனையிலும் கிடைக்கிறது; ஆவின் பூத்தோ மளிகைக் கடையோ டீக்கடையோ, எதில் கேட்டாலும் ஒரு பாக்கெட் கொடுப்பார்கள். சிறு டப்பாவில் பாலை ஊற்றிப் பல்லை அதில் மூழ்கவைத்துக் கொண்டுவாருங்கள். காய்ச்சிய சூடான பால் வேண்டாம். தயிர், மோர் வேண்டாம். பால் கிடைக்கும்வரை அடிபட்டவரையே ஒரு டம்ளரில் எச்சில் துப்பச் சொல்லி அதில் பல்லைப் போட்டு வைக்கலாம். தண்ணீர் வேரின் உயிரணுக்களைச் சேதப்படுத்தும் என்றாலும், காயவிடுவதைவிட அது மேல். பன்னாட்டுப் பல் காயவியல் சங்கம் 2020இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலும் பாலைத்தான் முதலிடத்தில் வைக்கிறது. காற்றில் உலர்ந்தபடி 60 நிமிடங்கள் கடந்துவிட்டால் வேரின் மேலுள்ள உயிரணுக்கள் பெரும்பாலும் இறந்துபோகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மொட்டைமாடியில் கிரிக்கெட் ஆடிப் பந்து முகத்தில் பட்ட எட்டு வயதுப் பையனை அவன் அம்மா அழைத்துவந்தார். மேல் முன்பல் ஒன்று இல்லை. கைப்பையைத் திறந்து, அதற்குள்ளிருந்து ஒரு சின்ன டிபன் பாக்ஸ், அதற்குள் மடித்த டிஷ்யூ காகிதம், அதற்குள் பல். "கீழே மண்ணுல கெடந்துச்சு டாக்டர், சோப்புப் போட்டு, சுடுதண்ணி ஊத்தி, நல்லா தேச்சுக் கழுவி எடுத்துட்டு வந்திருக்கேன்" என்றார். பல் பீங்கான்போலப் பளபளத்தது. வேரில் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய திசுவின் சுவடே இல்லை. விழுந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு தாய் எவ்வளவு அக்கறையோடு செய்ய முடியுமோ அவ்வளவு அக்கறையோடு அவர் செய்திருந்தார். எது செய்யக் கூடாது என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பல்லையும் உள்ளே வைத்து, மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு இணைத்தேன். எலும்பு அந்த வேரை ஆண்டுக்கணக்கில் மெல்லக் கரைத்துவிடும் என்பதையும், அதுவரை இடம் சுருங்காமல் அது தாங்கி நிற்கும் என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. இதை எழுதும் எண்ணம் அன்று இரவு தோன்றியதுதான்.

சரியான நேரத்தில் வைக்கப்பட்ட பல்லை ஏறத்தாழ இரண்டு வாரங்கள் நெகிழும் கம்பியால் பிணைத்து வைப்போம். வேர் முழுவதும் வளர்ந்து முடிந்த பல்லானால் அந்த இரண்டு வாரங்களுக்குள் வேர் சிகிச்சையை (ரூட் கெனால்) தொடங்க வேண்டும். வேர் நுனி இன்னும் திறந்திருக்கும் சிறுவர்களின் பல்லில் இரத்த ஓட்டம் தானே திரும்ப வாய்ப்பு உண்டு என்பதால் காத்திருந்து பார்ப்போம். தரையில் விழுந்த பல் என்பதால் டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்று கட்டாயம் கேட்போம்.

பல் விழவில்லை, ஆனால் நகர்ந்துவிட்டது அல்லது உடைந்துவிட்டது

கண்ணாடி முன் நின்று, வாயை மெதுவாக மூடிக் கடித்துப் பாருங்கள். ஒரு பல் மட்டும் முன்னே வந்தோ உள்ளே அமுங்கியோ இருந்து மற்றவை பழையபடி பொருந்தினால், நகர்ந்தது அந்தப் பல் மட்டுமே. அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். விரலால் இழுத்து நேராக்க முயலாதீர்கள். பல பற்கள் சேர்ந்து பொருந்தாமல் போனாலோ, கீழுதடு மரத்திருந்தாலோ, ஈறு கிழிந்து பல்வரிசையில் படி விழுந்ததுபோல் தெரிந்தாலோ தாடை எலும்பு முறிந்திருக்கலாம். ஒரு துணியால் தாடையைத் தாங்கித் தலையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, முக அறுவை நிபுணர் இருக்கும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கொட்டாவி விட்டபின் வாய் திறந்தபடியே நின்று மூட முடியாமல் போவது எலும்பு முறிவு அன்று, மூட்டு விலகல். பார்ப்பதற்குப் பயமூட்டும், ஆனால் பழகிய கை சில நிமிடங்களில் அதை உட்கார்த்திவிடும். வீட்டில் யாரும் அழுத்திப் பார்க்க வேண்டாம்.

உடைந்த பல்லில் பார்க்க வேண்டியது நிறம். முறிந்த இடம் வெள்ளையாக மட்டும் இருந்தால் மேலோடு மட்டும் போயிருக்கிறது. மஞ்சளாகத் தெரிந்து, காற்றுப் பட்டாலே கூசினால் அடுத்த அடுக்கு திறந்திருக்கிறது. ஓரிரு நாளுக்குள் மூட வேண்டும். நடுவே சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தாலோ இரத்தம் துளிர்த்தாலோ பற்கூழ், அதாவது பல்லின் நடுவே நரம்பும் இரத்தக்குழாய்களும் உள்ள மென்திசு, வெளியே வந்துவிட்டது என்று பொருள். அன்றைக்கே போக வேண்டும், சிறுவர்களுக்கானால் இன்னும் விரைவாக, ஏனென்றால் வளர்ந்துகொண்டிருக்கும் வேரை உயிரோடு காக்க அப்போது வழியிருக்கிறது. உடைந்த துண்டு கிடைத்தால் தண்ணீரிலோ பாலிலோ போட்டுக் கொண்டுவாருங்கள், பல வேளைகளில் அதையே ஒட்டிவிடலாம். துண்டு கிடைக்கவில்லை என்றால் கிழிந்த உதட்டுக்குள் புதைந்திருக்கிறதா என்று பார்ப்போம். அடிபட்டதிலிருந்து விடாத இருமல் இருந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம் என்று நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொல்வோம். கோகுலாஷ்டமிச் சீடையில் கடைவாய்ப்பல் பிளந்து வருகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. கடிக்கும்போது வலிக்காமல், கடித்த வாயைத் திறக்கும்போது சுரீரென்று வலித்தால் அது பல்லில் ஓடும் விரிசலின் அடையாளம். அந்தப் பக்கம் மெல்லுவதை நிறுத்திவிட்டு அந்த வாரத்துக்குள் காட்டுங்கள். விரிசல் வேருக்குள் இறங்கிவிட்டால் பிறகு பல்லை எடுப்பதைத் தவிர வழியில்லை.

முகமோ ஈறோ வீங்கியிருக்கிறது

ஈறில் கொப்புளம்போல் ஒரே இடத்தில் வீங்கி, காய்ச்சல் இல்லாமல், வாய் நன்றாகத் திறந்தால், அது பல்லுக்கு அடியில் சேர்ந்த சீழ். மறுநாள் வரை பொறுக்கலாம். கன்னம் வெளியே தெரியும்படி வீங்கியிருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். எவ்வளவு அவசரம் என்பதை மூன்றை வைத்துச் சொல்லலாம். முதலாவது வாய் திறப்பு: நல்ல நிலையில் உள்ளவரின் முன்பற்களுக்கு நடுவே மூன்று விரல்கள் நெட்டாக அடுக்கினால் நுழையும், இரண்டு விரல்கூட நுழையவில்லை என்றால் தொற்று, தாடையை அசைக்கும் தசைகளை எட்டிவிட்டது. இரண்டாவது வீக்கத்தின் திசை: மேல்பல்லிலிருந்து கிளம்பிக் கண் இமை மூடும் அளவுக்கு ஏறுவதும், கீழ்க்கடைவாய்ப்பல்லிலிருந்து கிளம்பித் தாடைக்கு அடியே கழுத்துக்கு இறங்குவதும் இரண்டுமே ஆபத்தானவை. மூன்றாவது உடம்பு: குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், சோர்வு, சர்க்கரை அளவு திடீரென ஏறுதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக்கைத் தவிர்த்து நேரே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கீழ்க்கடைவாயின் கடைசி இரண்டு பற்களின் வேர் நுனிகள் வாயின் தரையைத் தாங்கும் தசைக்குக் கீழே முடிவதால், அங்கே சேரும் சீழ் வாய்க்குள் வராமல் நேரே கழுத்தின் இடைவெளிகளுக்குள் இறங்குகிறது. நாக்கை மேலே தூக்கி, மூச்சுப்பாதையை நெருக்குகிறது. 1836இல் இந்நிலையை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லுட்விக்கின் பெயரால்தான் இது இன்றும் அறியப்படுகிறது. ஆட்டோ ஓட்டும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் என் கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நாள் பல் வலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டிருந்தார்; வலி நின்றுவிட்டது, அதனால் நிம்மதியாக இருந்தார். தோளில் கிடந்த துண்டால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துண்டின் முனை நனைந்திருந்தது. "என்னண்ணே, எச்சில் முழுங்க முடியலையா?" என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். தாடைக்கு அடியில் தொட்டபோது பலகையைத் தொட்டதுபோல் கட்டியாக இருந்தது. வாயைத் திறந்து பார்க்கக்கூட நான் முயலவில்லை. அன்று இரவே பெரிய மருத்துவமனையில் அவருக்கு மூச்சுக்குழாய் வைத்துச் சீழை வெளியேற்றினார்கள், பிழைத்துக்கொண்டார். வலி நின்றதை அவர் குணமென்று எண்ணினார். பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துப்போனதால்தான் வலி நின்றது, தொற்று நிற்கவில்லை.

வீக்கத்தின்மேல் வெளியிலிருந்து சூடான ஒத்தடம் கொடுக்காதீர்கள், எண்ணெய் தடவி நீவாதீர்கள், ஊசியால் குத்திச் சீழை எடுக்காதீர்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து வாய்க்குள் வைத்துக் கொப்பளிக்கலாம். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கி இரண்டு நாள் போட்டுவிட்டு நிறுத்துவது, தீயைச் சாம்பல் மூடுவதைப் போன்றது. சீழ் வெளியேற வழி செய்யாமல் மாத்திரை மட்டும் எதையும் தீர்ப்பதில்லை.

இரத்தம் நிற்கவில்லை

பல் எடுத்த முதல் நாள் எச்சில் இளஞ்சிவப்பாக வருவது இயல்பு. சில சொட்டு இரத்தம் ஒரு வாய் எச்சிலைச் சிவப்பாக்கிவிடும் என்பதால் பார்ப்பதற்கு அதிகமாகத் தெரியும். வாயில் இரத்தம் நிரம்பிக்கொண்டே இருந்தாலோ, கல்லீரல் துண்டுபோல் உறைகட்டி தொங்கினாலோ இதைச் செய்யுங்கள். தொங்கும் உறைகட்டியைத் துடைத்து எடுத்துவிட்டு, காஸ் துணியையோ சுத்தமான வேட்டித் துணியையோ கெட்டியாக மடித்து, நனைத்துப் பிழிந்து, சரியாகக் குழியின் மேல் வைத்து, அரை மணி நேரம் விடாமல் கடித்துக்கொள்ளுங்கள். நின்றுவிட்டதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. ஒவ்வொரு முறையும் புதிதாக உறைந்தது பிய்ந்துவிடுகிறது. வெறும் பஞ்சு வேண்டாம், இழை குழிக்குள் ஒட்டிக்கொள்ளும். நனைத்துப் பிழிந்த டீ பையைக் கடித்துக்கொள்வதும் உதவும், தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரத்தத்தை உறையவைக்கத் துணைசெய்கிறது. இரண்டு முறை இப்படிச் செய்தும் நிற்கவில்லை என்றால் இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்காதீர்கள், காறித் துப்பாதீர்கள், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதீர்கள், புகை பிடிக்காதீர்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்றவற்றை எடுத்துக்கொள்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் தாமாக நிறுத்தக் கூடாது.

பல்லே எடுக்காமல் ஈறில் இரத்தம் கசிவது பெரும்பாலும் காரை படிந்த ஈறின் அழற்சி, அதில் அவசரம் இல்லை. ஆனால் காய்ச்சல் வந்து நாலைந்து நாளில், குறிப்பாக அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில், ஈறிலிருந்து இரத்தம் வந்தால் அது டெங்குவின் எச்சரிக்கை அடையாளங்களில் ஒன்று. பல் மருத்துவரிடம் வராமல் இரத்தப் பரிசோதனை செய்யக்கூடிய மருத்துவமனைக்குப் போங்கள். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் இரண்டையும் தொடாதீர்கள்.

வீக்கம் இல்லை, ஆனால் வலி தாங்கவில்லை

குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீரென்று கூசி, சில நொடிகளில் அடங்கிவிட்டால் பற்கூழ் இன்னும் தேறக்கூடிய நிலையில் இருக்கிறது. அந்த வாரத்துக்குள் சொத்தையை அடைத்தால் போதும். சூடான காபி பட்டால் வலி கிளம்பி அரை மணி நேரம் விண்விண்ணென்று தெறித்தால், காரணமே இல்லாமல் இரவில் படுத்ததும் கூடினால், குளிர்ந்த நீரை வாயில் வைத்திருந்தால்தான் அடங்குகிறது என்றால், பற்கூழ் திரும்ப முடியாத கட்டத்தைத் தாண்டிவிட்டது. வேர் சிகிச்சையோ பல்லை எடுப்பதோ தேவை. கடித்தால் வலித்து, அந்தப் பல் மட்டும் உயர்ந்துவிட்டதுபோல் முதலில் இடித்தால் தொற்று வேர் நுனிக்கு வந்துவிட்டது. குனிந்தால் மேல்வரிசைப் பற்கள் எல்லாமே கனத்து வலித்து, மூக்கும் அடைத்திருந்தால் அது சைனஸ். முகத்தின் ஒரு பக்கத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சில நொடிகள் வெட்டி வெட்டிப் போகும் வலி முக நரம்பின் கோளாறாக இருக்கலாம். அதைப் பல் வலி என்று எண்ணி நல்ல பற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பல் எடுத்து இரண்டு, மூன்று நாள் நன்றாக இருந்து, அதன் பிறகு காது வரை இழுக்கும் வலியும் துர்நாற்றமும் வந்தால், குழியில் உறைந்த இரத்தம் பெயர்ந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். புகைபிடிப்பவர்களுக்கும் கீழ் ஞானப்பல் எடுத்தவர்களுக்கும் இது அதிகம். குழியைக் கழுவி மருந்து வைத்ததும் பெரும்பாலும் அன்றே தணிந்துவிடும். வீட்டில் மாத்திரையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

மருத்துவரைப் பார்க்கும்வரை வலியைக் குறைக்க, வேறு நோய் இல்லாத பெரியவர்கள் உணவுக்குப் பின் ஐபுபுரூஃபன் 400 மி.கி. ஒன்றையும், பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்றோ இரண்டோ சேர்த்தும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வேளைக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். ஒரு நாளில் ஐபுபுரூஃபன் 1200 மி.கி.யையும் பாராசிட்டமால் 4 கிராமையும் தாண்டக் கூடாது. வயிற்றுப் புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் ஐபுபுரூஃபனைத் தவிர்த்துப் பாராசிட்டமாலோடு நின்றுகொள்ள வேண்டும். கல்லீரல் நோய் உள்ளவர்களும் நாள்தோறும் மது அருந்துபவர்களும் பாராசிட்டமாலையும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். குழந்தைகளுக்கு எடையை வைத்துப் பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரின் கூடாது. மாத்திரையைப் பொடித்து வலிக்கும் பல்லின் அருகே வைத்தால் ஈறு வெந்து வெளுத்துப் புண்ணாகும். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் ஒரு சொட்டு தொட்டுச் சொத்தைக் குழிக்குள் வைப்பது சற்று மரக்கச்செய்யும், ஈறில் படக் கூடாது. மூக்குப்பொடி, புகையிலை, கற்பூரம் எதுவும் வேண்டாம்.

கர்ப்பிணிக்குப் பல் பார்க்கக் கூடாது என்று சொல்லி மாதக்கணக்கில் வலியோடு வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தொற்றைத் தீர்க்காமல் விடுவதில்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் தீங்கு. அவசரச் சிகிச்சையை எந்த மாதத்திலும் செய்யலாம், கர்ப்பம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கேப் கழன்றது, அடைப்பு விழுந்தது, கம்பி குத்துகிறது

இவை ஓரிரு நாள் பொறுக்கும். கழன்ற கேப்பைக் கழுவிச் சிறு டப்பாவில் பத்திரப்படுத்துங்கள். ஃபெவிக்விக் போன்ற பசையால் ஒட்டாதீர்கள், தூக்கத்தில் விழுங்கிவிடும் அச்சம் இருப்பதால் தளர்வாக மாட்டிக்கொண்டு படுக்கவும் வேண்டாம். பல் வரிசையைச் சீராக்கப் போட்ட கம்பியின் முனை கன்னத்தில் குத்தினால் அதன்மேல் மெழுகையோ ஈரப்பஞ்சு உருண்டையையோ வைத்து மூடுங்கள். நகவெட்டியால் வெட்ட வேண்டாம்.

சென்னையில் எங்கே போவது, போனதும் என்ன சொல்வது

பகலில், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல்லுக்கான எல்லாப் பிரிவுகளும் ஒரே இடத்தில் உள்ளன. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுவது நல்லது. இரவில் மூச்சு, கழுத்து வீக்கம், தலைக் காயம், நிற்காத இரத்தம் என்றால் சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை அரசு மருத்துவமனைகள் ஆகியவற்றின் அவசரப் பிரிவுகளில் எது அருகிலோ அதற்குச் செல்லுங்கள்; குழந்தைகளுக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. எங்கே போவது என்று முடிவெடுக்க முடியாதபோது 104ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம். பல் விழுந்த அவசரத்தில் தெரிந்த பல் மருத்துவருக்குப் புறப்படும் முன்பே போன் செய்துவிடுங்கள். நீங்கள் சிக்னலில் நிற்கும் நேரத்தில் அவர் கருவிகளை எடுத்துவைத்திருப்பார்.

உள்ளே போனதும் முதலில் சொல்ல வேண்டியவை: அடிபட்டது அல்லது வீங்கத் தொடங்கியது எத்தனை மணிக்கு, பல் எதில் வைத்துக் கொண்டுவரப்பட்டது, சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இதய நோயோ உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசியாக எந்த மாத்திரை எப்போது போட்டது. நாள்தோறும் எடுக்கும் மாத்திரை அட்டைகளைப் பெயர் நினைவில்லாவிட்டாலும் அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். காலியான அட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, அதில் பெயர் அச்சிட்டிருக்கும்.